எட்டு விநாடி

பிரிவு விருந்துக்கு
மூன்று நிமிடத் தொகுப்பு ஒன்று வேண்டுமாம்.
முப்பத்தெட்டு வருடம், மூன்று நிமிடம்.
ரெய்க்யவிக்கில் பகல் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
படத்தொகுப்பு அறையில் நானும்
ஆறிப்போன காப்பியும்.

முதல் பத்து வருடம் இல்லவே இல்லை.
நாடா விலை அதிகம் என்று
செய்திக்கு மேலேயே ஹேண்ட்பால் ஆட்டத்தைப் பதிந்திருக்கிறார்கள்.
ஸ்டெய்னுன் எரிமலைச் சாம்பலில் நின்று பேசிய இடத்தில்
எவனோ கோல் போட்டுக் குதிக்கிறான்.

நாடு அறிந்தது அவளில் மேல்பாதி:
நீலக் கோட்டு, காதோரம் நரை,
கமாவில்கூட அவசரப்படாத குரல்.
கீழ்ப்பாதி எனக்குத் தெரியும்.
மேசைக்கடியில் கம்பளிக் காலுறை,
இடது பெருவிரலில் ஓட்டை.
அமைச்சரவை கவிழும் இரவுகளில்
அந்த விரல் வெளியே வந்து
தரையைத் தட்டிக்கொண்டிருக்கும்.

எண்பத்து மூன்று, பிப்ரவரி, ஒரு புதன்.
கிழக்கே ஒரு படகு திரும்பவில்லை. ஐந்து பேர்.
எல்லா வீட்டுக்கும் சொல்லியாயிற்று என்று
துண்டுச்சீட்டு வந்தது.
வாசித்தாள்.
ஐந்தாவது பெயர் ஹால்க்ரீமுர். வயது பத்தொன்பது.

அந்த வீட்டுக்குச் சொல்லப் போன பாதிரியாரின் ஜீப்
கணவாய்ப் பனியில் புதைந்து கிடந்தது
எங்களுக்குத் தெரியாது.
அவன் அம்மா தொலைக்காட்சி முன் நின்று
சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள்.
அவன் சட்டை.

மறுநாள் வியாழன்.
அப்போதெல்லாம் எங்கள் நாட்டில்
வியாழக்கிழமை தொலைக்காட்சி கிடையாது.
ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வரட்டும் என்றுதான்
அப்படி வைத்தார்கள் என்பார்கள்.
இவளும் போனாள்.
நானும் வரட்டுமா என்றேன்.
"கேமராவை வைத்துவிட்டு வருவதானால் வா."
சின்ன விமானம், அப்புறம் பனிவண்டி,
கடைசியில் நடை. வழியெல்லாம்
அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.
வாயால் பிழைக்கிறவள்.

கதவைத் திறந்த ஸோல்வேய்க்
ஆச்சரியப்படவில்லை.
தினமும் கூடத்துக்கு வருகிறவள்தானே.
"நேற்று உங்களுக்குத் தொண்டை கட்டியிருந்தது" என்றாள்.
"உள்ளே வாருங்கள், காற்று அடிக்கிறது."
தேய்த்த சட்டை நாற்காலி முதுகில் தொங்கியது.
அதில் யார் உட்காருவது?
மூன்று பேரும் நின்றபடியே காப்பி குடித்தோம்.

அதன்பின், பெயர்கள் வரும் இரவுகளில்
மூன்று கேள்வி கேட்பாள்.
யார் போய்ச் சொன்னது?
யாரிடம்?
கதவைத் திறந்தது யார்?
இளசுகள் அவள் முதுகுக்குப் பின்னால்
அதே குரலில் கேட்டுச் சிரிப்பார்கள்.
நானும் சிரித்திருக்கிறேன், ஒரு தடவை.

தொண்ணூற்றொன்று நவம்பர் நாடா தப்பித்திருக்கிறது.
தாளைப் பார்க்கிறாள்.
"இறந்தவர்" என்கிறாள்.
நிறுத்துகிறாள்.
காதுக்குள் தயாரிப்பாளர் கத்துவது
கழுத்து நரம்பில் தெரிகிறது.
கண்ணாடிக்கு இந்தப்புறம்
தொலைபேசியோடு நிற்கும் என்னைப் பார்க்கிறாள்.
படத்தில் நான் இல்லை. ஆனால் தெரியும்,
தலையை ஆட்டினேன்: இன்னும் இல்லை.
நாடு முழுக்க ஒரு பெண்
ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"பெயரை நாளை சொல்கிறோம். இனி வானிலை."

புதிய தலைவர் எட்டிப் பார்த்தார்.
வெறும் மௌனம், வெட்டிவிடுங்கள் என்றார்.
வெளிநாட்டு அதிபரின் பேட்டியை வெட்டினேன்.
விருதுகளை வெட்டினேன்.
இதை விட்டேன்.

விருந்தில் அந்த இடம் வந்ததும்
கருவி நின்றுவிட்டதென்று ஒருவர் எழுந்தார்.
ஸ்டெய்னுன் என் பக்கத்தில்,
புதுக் காலணியை மெல்லக் கழற்றிவிட்டு.
மேசைக்கடியில்
விரல் தட்டுவது கேட்டது.
எண்ணினேன். ஒன்பது.

அவசரத்தில் ஒரு விநாடியை
நான் வெட்டியிருக்க வேண்டும்.